படி உயரமா... கெத்து உயரமா?

‘பழநி மலைக்கு எத்தனை படி?’னு கேட்டா, ‘693’னு டக்குனு பதில் வரும். ‘ஒரு படி எவ்வளவு உயரம்?’னு கேட்டுப் பாருங்க... நிச்சயம் முழிப்பாங்க. ஆனா, லீவுக்கு பழநி, கொடைக்கானல்னு பிளான் போட்டு, அதுக்காக ‘ஸ்டெப்-அப்’ பண்ண ஆரம்பிக்கிற உங்களுக்கு, ரெண்டாவது கேள்விதாங்க முக்கியம்!

ஸ்டெப்-அப்ல பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு கால் மேல, அடுத்த கால் மேல, அப்புறம் இறக்கம். ஜிம் வேணாம், ஃபீஸ் வேணாம். ஆனா, ‘எவ்வளவு உயரமோ அவ்வளவு கெத்து’னு நினைச்சா வம்பு. கொடைக்கானல் ட்ரெக்கிங்குக்காக ஹாஸ்டல் மொட்டை மாடித் திண்டுல ஏறி இறங்கினான் நண்பன் ஒருத்தன். நாலாம் நாள் முட்டி வீங்கிடுச்சு. நாங்க வட்டக்கானல் பாதையில நடந்தப்போ, சார் ரூம்ல ஐஸ் ஒத்தடத்தோட படுத்துக் கிடந்தார்!

இந்த உயர மோகத்துக்கு ஒரு காரணம், ‘ஹார்வர்டு ஸ்டெப் டெஸ்ட்’. இரண்டாம் உலகப்போர் காலத்துல, 1943-ல வெளியானது. 20 அங்குல மேடை, நிமிஷத்துக்கு 30 தடவை, மொத்தம் 5 நிமிஷம். கணக்குப் போடுங்க... 150 தடவை, 250 அடி. கிட்டத்தட்ட 25 மாடி! களைச்ச இதயம் எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்கு வருதுனு பார்க்கிற பரீட்சை இது. தினசரிப் பயிற்சி இல்லை. தவிர, ஆறடி ஆளுக்கும் அஞ்சடி ஆளுக்கும் 20 அங்குலம் ஒண்ணாகுமா?

பதிலைப் பழநியே சொல்லுது. படிப்பாதை ஒண்ணு, சுத்திப் போற யானைப்பாதை ஒண்ணு. போய்ச் சேர்றது அதே உச்சிதான். அதே மாதிரி, 10 அங்குலத்துல 300 தடவை ஏறினாலும் அதே 250 அடிதான். ஒவ்வொரு தடவையும் முட்டிக்கு விழுற சுமைதான் குறையும்.

சரி, உங்க உயரம் எது?

* முழுப் பாதத்தையும் மேடையில வைங்க. முட்டி 90 டிகிரிக்கு மேல மடங்கினா, இடுப்பைவிட முட்டி உயரமாப் போனா... மேடையை மாத்துங்க.

* கீழ இருக்கிற காலால எம்பாம, தொடையைக் கையால அழுத்தாம ஏற முடியணும். முட்டி உள்பக்கமா சாயக் கூடாது.

* மூணு எண்ணி, ‘தொம்’முனு சத்தமில்லாம இறங்க முடியணும். மலை இறக்கத்துல முட்டியைக் காப்பாத்தப் போறது இதுதான்!

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு 4-லிருந்து 6 அங்குலம் போதும். ஹாஸ்டல் மாடிப்படியே பெரும்பாலும் 6, 7 அங்குலம் இருக்கும். ஸ்கேல் வெச்சு அளந்துக்கங்க. ரெண்டு, மூணு வாரம் வலியில்லாம போனா, கொஞ்சம் கொஞ்சமா 8, 12னு ஏத்தலாம். பிளாஸ்டிக் ஸ்டூல் மட்டும் வேணவே வேணாம். வழுக்கினா பல்லுக்கு கேரன்டி இல்லை!

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். அங்கே காத்தழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சுலயும் கிடைக்கிற ஆக்சிஜனும் குறைவு. கீழ சுலபமா ஏறின படியே அங்கே மூச்சு வாங்க வைக்கும். முதல் நாள் வேகத்தைக் குறைச்சுக்கங்க.

முட்டி வலிச்சா நிறுத்துங்க. வலி விடலைன்னா டாக்டரைப் பாருங்க. பழநியில 1966-லேயே வின்ச் வந்தாச்சு, 2004-ல ரோப் காரும் வந்தாச்சு. அதுல போனாலும் முருகன் கோவிச்சுக்க மாட்டார் பாஸ்!