தோட்டத்துத் திடல்

மலாக்கா மாநிலத்தில், ஜாசின் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் நியாலாஸ். கிழக்கே லேடாங் மலை நீலம் பூத்து நிற்க, ஊரைச் சூழ ஒரு காலத்தில் இரப்பர்க் காடுகள் விரிந்திருந்தன. அண்மையிலுள்ள அசஹானுக்கு இரப்பர் வரலாற்றில் தனியிடம் உண்டு. 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்ட டான் சாய் யான், அதன்பின் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் அமைத்தார். இக்காடுகளில் பால் வெட்டிய தமிழரின் உழைப்பைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவர்தம் விளையாட்டுத் திடலைப் பற்றி எழுதியோர் சிலரே.

தோட்டத்தின் அமைப்பே ஒரு பாடம். மேட்டின் உச்சியில் துரை பங்களா. சரிவில் கிராணிமார் வீடுகள். தாழ்நிலத்தில் வரிசை வரிசையாக லயங்கள். பெரும்பாலான தோட்டங்களில் இவ்வொழுங்கே காணப்பட்டது. நிலத்தின் உயரமே மனிதரின் தகுதியை அறிவித்தது. இவற்றுக்கிடையே, மரம் நடப்படாத சமதரையாகக் கிடந்தது திடல். அதன் ஓரத்தில் கோயிலோ பள்ளியோ இருக்கும். பள்ளிப் பருவப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளுக்கும் இத்திடலே விளையாட்டுக் களமாயிற்று.

1921ஆம் ஆண்டில் 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் இந்நாட்டிற்கு வந்து சென்றபின், அதன் மாலுமிகள் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரு கோப்பைகளை அளித்தனர். ரக்பி பெரும்பாலும் துரைமாரின் ஆட்டமாகவே நின்றது. காற்பந்தோ லயத்துக்குள் புகுந்தது. இருபத்து நான்கு அடி அகலமும் எட்டு அடி உயரமும் உடைய கோலுக்குக் காட்டு மரங்களே கம்பங்களாயின. எல்லைக் கோட்டைச் சுண்ணாம்பு வரைந்தது. கோட்டுக்கு அப்பால் இரப்பர் மரங்கள். பந்து அங்கே ஓடிவிட்டால் தேடிக் கொணர்வது சிறுவர் பணி. மழைநீர் எந்த மூலையில் தேங்கும் என்பதை உள்ளூர் ஆட்டக்காரர் அறிவர். வெளியூர்க் குழு வழுக்கி விழுந்துதான் அறியும்.

விடியுமுன் பெரட்டில் நின்று தன் பெயர் கூப்பிடப்படுவதைக் கேட்ட தொழிலாளி, மாலையில் அதே பெயரை ஊரே உரக்க அழைக்கக் கேட்டது இத்திடலில்தான். கிராணியின் மகனும் பால்வெட்டுத் தொழிலாளியின் மகனும் ஒரே சட்டை அணிந்து நின்றதும் இங்கேதான். மேடும் பள்ளமுமாய் மனிதரைப் பிரித்து வைத்த தோட்டத்தில், சமமாக இருந்த நிலம் இது ஒன்றே.

ஆயினும் அது ஆடியவருக்கு உரியதன்று. 1950களில் ஐரோப்பியர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றனர். அத்துயருக்கு மாற்றாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். துண்டாடலுக்குத் தப்பிய தோட்டங்கள் பலவும் பின்னர்ச் செம்பனைக்கு மாறின. தனிப்பட்டா இல்லாத திடல், தோட்டத்தோடு சேர்ந்தே கைமாறியது. விலைப்பத்திரத்தில் ஏக்கர் எண்ணப்பட்டது. அங்கே ஆடிய தலைமுறைகள் எண்ணப்படவில்லை.

புகழ்பெற்ற திடலும் இவ்விதிக்கு விலக்கன்று. 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், துங்கு அப்துல் ரகுமான் நாட்டின் விடுதலை நாளை அறிவித்தது மலாக்கா நகரின் பண்டார் ஹிலிர் திடலில். பிற்காலத்தில் அங்கே பேரங்காடி எழுந்தது. நாட்டின் வரலாறு பேசப்பட்ட திடலுக்கே அந்நிலையெனில், பெயரற்ற தோட்டத்துத் திடலுக்காக யார் வாதாடுவர்?

ஆகவே, இன்று எஞ்சியிருக்கும் பள்ளித் திடல்களைக் காப்பது தமிழாசிரியரின் கடன்களுள் ஒன்று. பள்ளி நிலம் யார் பெயரில் உள்ளது, திடல் அதில் அடங்குகிறதா என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் கூடி அறிதல் வேண்டும். மாணவரைக் கொண்டு திடலை அளக்கச் செய்து, வரைபடம் தீட்டி, அங்கே ஆடிய முதியோரிடம் கேட்டு எழுதச் செய்தல் வேண்டும். அளவு கணக்குப் பாடமாகும். எழுத்து மொழிப் பாடமாகும். இரண்டும் சேர்ந்தால் ஓர் ஊரின் ஆவணமாகும். எழுதப்படாத நிலத்தை எவரும் எளிதில் எடுத்துக்கொள்வர்.