சுழலும் பந்து

பம்பரம் விட்டுப் பழகிய சிறுவர்க்குச் சுழற்சியின் ஆற்றலை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சுழலும்வரை அது ஓர் ஆணியின்மேல் நிமிர்ந்து நிற்கின்றது. சுழற்சி ஓய்ந்ததும் சாய்ந்து விழுகின்றது. டென்னிஸ் பந்தும் சுழற்சியால் புதியதோர் ஒழுக்கம் பெறுகின்றது. இதனைப் பெரம்பலூரில் அறிவியல் ஆசிரியனாக இருந்த நாட்களில், ஒரு மாணவியின் பொருட்டு நான் ஆராய நேர்ந்தது.

பெரம்பலூரும் அரியலூரும் டென்னிஸுக்குப் பெயர் பெற்ற ஊர்கள் அல்ல. முன்னது சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பகுதி. பின்னது சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும் மிக்க பகுதி. முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்விரண்டும் இன்று தனித்தனி மாவட்டங்களின் தலைநகரங்கள். எங்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு மண்தரைக் களம். மட்டைகள் பழையவை, பந்துகள் மயிர் தேய்ந்தவை. கோடு போடுதற்குரிய சுண்ணாம்புக்கு மட்டும் எக்காலத்தும் குறைவில்லை.

அம்மாணவி இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட சிற்றூரினள். வெங்காயக் காட்டில் தாய்க்குத் துணை நின்று உழைத்தமையால் தோள் உரம் மிக்கவள். வலக்கையால் முன்கை அடி அடிப்பாளாயின் பந்து பறக்கும் ஓசை கேட்கும். ஆனால் பத்துப் பந்துகளில் இரண்டே களத்தினுள் விழும். மற்றவை எல்லைக்கோட்டைக் கடந்து வேலி முள்ளில் சிக்கும். மாவட்ட அணிக்கு ஆள் தேர்வதற்கு ஆறு திங்களே இருந்தன. அத்தேர்வில் இடம் பெறாவிடில், மாலை வேளைகளில் காட்டு வேலைக்கு வந்துவிட வேண்டும் என்று வீட்டார் எல்லை வகுத்திருந்தனர்.

அங்கு மாலையில் ஆட வரும் பெரியோர் அன்புடன் அறிவுரை கூறுவர். "மெல்ல அடி, அம்மா. இராமநாதன் கிருஷ்ணன் என்றேனும் ஓங்கி அடித்தாரா?" என்பர்.

கிருஷ்ணனை எடுத்துக்காட்டினால் எதிர்த்துப் பேசுவார் யார்? 1937-இல் நாகர்கோயிலில் பிறந்து, தந்தை டி. கே. இராமநாதனிடமே ஆட்டம் பயின்றவர் அவர். 1954-இல் விம்பிள்டனில் சிறுவர்க்குரிய பட்டம் வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதி வரை சென்றார். 1961-இல் ராய் எமர்சன் என்னும் பெருவீரரையே வென்று அந்நிலையை எய்தினார். வன்மையால் அன்று, பந்தை வேண்டிய இடத்தில் வைக்கும் நுண்மையால் பெற்ற வெற்றிகள் அவை. ஆயினும் அந்நுண்மை இளமை முதல் தந்தையின் கண்காணிப்பில் வளர்ந்த கலை. ஆறு திங்களில் கைவருவது அன்று. மெல்ல அடிப்பதனால் மட்டும் ஒருவர் கிருஷ்ணன் ஆகிவிட இயலுமா?

அவளும் மெல்ல அடித்துப் பார்த்தாள். பந்து களத்தினுள் விழுந்தது; எதிரில் நின்றவர் நின்று நிதானித்து அதனைத் திருப்பி அடித்து வென்றார். ஒருநாள் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஐயா, ஓங்கியும் அடிக்க வேண்டும், பந்து உள்ளேயும் விழ வேண்டும். அதற்கு வழியே இல்லையா?"

வினா எளிது. விடைக்குக் கணக்குப் போட வேண்டியிருந்தது. களத்தின் நீளம் 78 அடி. நடுவில் வலையின் உயரம் 3 அடி. எல்லைக்கோட்டில் நின்று, மூன்றரை அடி உயரத்தில் உள்ள பந்தைத் தரைக்கு இணையாக நேரே அடிப்பதாகக் கொள்வோம். அது தன் எடையால் தாழ்ந்து வலையில் சிக்காமல் கடக்க வேண்டுமாயின், மணிக்கு 240 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம் வேண்டும். அவ்வேகம் எவர்க்கு எளிது? ஆதலின் பந்தைச் சற்று மேல்நோக்கியே அடித்தாக வேண்டும். மேல்நோக்கி வன்மையாக அடித்தாலோ, புவியீர்ப்பு அதனை இழுத்துக் கீழே கொணர்வதற்குள் அது களத்தைக் கடந்துவிடுகின்றது. புவியீர்ப்போடு இன்னொரு விசையும் சேர்ந்து பந்தைக் கீழே இழுத்தால் அல்லவோ அவள் விருப்பம் நிறைவேறும்!

அவ்விசையைத் தருவதே மேற்சுழல். முன்னோக்கி உருளும் சக்கரம்போல் பந்து சுழன்றுகொண்டே செல்கின்றது. அதன் மேற்பக்கம் எதிர்வரும் காற்றை எதிர்க்கின்றது. கீழ்ப்பக்கம் காற்றோடு ஒத்துச் செல்கின்றது. இவ்வேறுபாட்டால் பந்தைக் கடந்து பின்செல்லும் காற்று மேல்நோக்கித் திரும்புகின்றது. காற்றை மேலே தள்ளிய பந்து, தான் கீழே தள்ளப்படுகின்றது. சாய்ந்த மட்டையால் அடிக்கப்பட்ட டென்னிஸ் பந்து வளைந்து செல்வதைத் தாம் பலமுறை கண்டதாக நியூட்டன் 1672-இல், ஒளியைப் பற்றிய கடிதம் ஒன்றில் குறித்துள்ளார். இவ்விளைவு 1852-இல் இதனை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் மாக்னஸின் பெயரால் இன்று வழங்குகின்றது. 1877-இல் ராலே என்னும் ஆங்கில அறிஞர் டென்னிஸ் பந்தின் கோணலான ஓட்டத்தைப் பற்றியே கட்டுரை ஒன்று வரைந்தார். பேரறிஞர்கள் பந்தாட்டத்தை நின்று பார்த்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு உவகையே உண்டாகின்றது.

ஏட்டில் படித்த இதனை நான் முன்னரே கண்ணாலும் கண்டிருந்தேன். பெரம்பலூரில் புகைவண்டி நிலையம் இல்லை. அரியலூர் சென்றே வண்டி ஏற வேண்டும். 2008 சனவரியில் அவ்வாறு ஏறிச் சென்னை நுங்கம்பாக்கம் அரங்கில் ரஃபேல் நடாலின் ஆட்டத்தைப் பார்த்தேன். அவர் அடித்த பந்து வலைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் செல்லும். 'வெளியே போயிற்று' என்று எண்ணுவோம். அப்போது அது கல் போல் இறங்கிக் கோட்டுக்குள் விழும். விழுந்த வேகத்தில் எதிராளியின் தோள் அளவு எழும். அவர் அடித்த பந்து நிமிடத்துக்குச் சராசரியாக மூவாயிரம் முறைக்கு மேல் சுழன்றதாக, விரைவுப் படக்கருவி கொண்டு அளந்தோர் கூறுவர். ஆயினும் அரையிறுதியில் மோயாவுடன் ஏறத்தாழ நான்கு மணி நேரம் போராடி வென்ற அவர், மறுநாள் இறுதியாட்டத்தில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். களைத்த கால்களைச் சுழற்சி காப்பதில்லை என்பதையும் அன்று கண்டேன்.

இக்கால மட்டையும் நரம்பும் இதற்குப் பெரிதும் துணை செய்கின்றன என்பது மெய்யே. எங்கள் மட்டைகள் பழையவை என்று அவள் மனம் தளர்ந்தபோது, பியோர்ன் போர்க்கைப் பற்றிச் சொன்னேன். சுவீடன் நாட்டவராகிய அவர் மர மட்டை கொண்டே மேற்சுழல் அடித்து, 1976 முதல் 1980 வரை ஐந்து முறை தொடர்ந்து விம்பிள்டன் வென்றார்.

பயிற்சியைத் தொடங்கினோம். பந்தின் மேல் மட்டையைப் புரட்டினால் சுழற்சி உண்டாகும் என்று பலர் கூறுவர். அது பொருந்தாது. நரம்பும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவே. அதற்குள் மணிக்கட்டைப் புரட்டுவது மனிதர்க்கு ஆகுமா? மட்டையின் முகம் ஏறத்தாழ நிமிர்ந்தே நிற்க, அது பந்துக்குக் கீழிருந்து மேல்நோக்கி உரசிச் செல்ல வேண்டும். சுழற்சியைத் தருவது அவ்வழியே. இதற்காக அவள் கைப்பிடியில் உள்ளங்கையைச் சற்றுக் கீழ்ப்புறம் நகர்த்திப் பிடித்தாள். முழங்கால்களை மடக்கித் தாழ்ந்து, உடலுக்கு முன்னே பந்தைச் சந்தித்து, மட்டை இடத்தோளின்மேல் சென்று முடியுமாறு வீசினாள். வெங்காயத் தாளைப் பிடித்துக் குனிந்து நிமிர்ந்து பழகிய உடலுக்கு முழங்கால் மடக்குவது புதிதாக இல்லை.

வலையின் இரு புறமும் சவுக்குக் கம்பு நட்டு, வலைக்கு மேலே மூன்றடி உயரத்தில் ஒரு தாம்புக் கயிற்றைக் கட்டினோம். பந்து கயிற்றுக்கு மேலே சென்று களத்தினுள் விழ வேண்டும், இதுவே கட்டளை. பந்தைச் சுற்றி மையால் ஒரு வட்டக்கோடு வரைந்தேன். நன்றாகச் சுழலும் பந்தில் அக்கோடு நேராகத் தெரியும். கோணலாக உரசினால் தள்ளாடும். ஆசிரியன் சொல்லாமலே பந்து பிழையைக் காட்டியது. முதல் இரண்டு திங்கள் பந்து கயிற்றைக் கடந்தது; ஆயினும் களத்தின் பாதியிலேயே விழுந்தது. உரசல் மிகுந்து உந்தல் குறைந்தமையே காரணம். பெரியோர் தம்முள் நகைத்தனர். மூன்றாம் திங்களில் அவள் முன்போல் ஓங்கி வீசத் துணிந்தாள். அதன்பின் பத்துக்கு ஆறு, ஏழு என உள்ளே விழும் பந்துகள் பெருகின. ஒருநாள் பத்தும் விழுந்தன. மறுநாள் மீண்டும் ஆறு. அவ்வாறு ஏறியிறங்கித்தான் எட்டு என்னும் எண் நிலைத்தது.

தேர்வுநாளில் அவள் முதல் ஆட்டத்தில் வென்றாள், இரண்டாவதில் முதல் பகுதியை இழந்து, கடும் வெயிலில் மற்ற இரண்டையும் கைப்பற்றினாள், மூன்றாவதில் தோற்றாள். நான்கு பேர் கொண்ட அணியில் நான்காம் இடம் கிடைத்தது. காட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்த அவள் தாயார், "வெளியே போகிற பந்து எப்படி ஐயா உள்ளே விழுகிறது?" என்று என்னைக் கேட்டார். நான் காற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்குமுன் மகள் குறுக்கிட்டாள்.

"ஐயா, அவர்கள் எல்லோரும் என் புறங்கைப் பக்கமே பந்தை அனுப்பினார்கள். அந்த அடிக்கும் இதே வழிதானா?"

கயிற்றை அவிழ்க்க வேண்டா என்று களக்காவலரிடம் சொல்லி அனுப்பினேன்.