எத்தனை பவுண்?

மச்சாள் தனியார் கம்பஸ் ஒன்றில் பிசினஸ் டிகிரிக்குச் சேரப்போகிறாள் என்று சொல்ல மாமியும் மாமாவும் கட்டணத் தாளோடு எங்கட வீட்டுக்கு வந்திருந்தார்கள். தாளில் இரண்டு வரி. ஒன்று ரூபாயில், உள்ளூர்க் கல்லூரிக்கு. மற்றது ஸ்டேர்லிங் பவுணில், இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு. மாமா மேசன் வேலை செய்கிறவர். தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "பவுணாவே குடுக்கச் சொல்றாங்களா? அப்ப மாமிட காப்பக் கழட்டுவமா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அது 2022 ஜனவரி.

நாங்கள் இரண்டு பேரும் 2020 ஏ.எல். பட்ச். கொரோனாவுக்குள் மாஸ்க் போட்டுக்கொண்டு எழுதினோம், பெறுபேறு 2021 மே மாதம் வந்தது. நான் கலைப்பிரிவு, அவள் வர்த்தகப்பிரிவு. நான் என் வெட்டுப்புள்ளியை 0.03 ஆல் தாண்டினேன். அவள் முகாமைத்துவத்தை 0.04 ஆல் விட்டாள். பள்ளிக்கூடத்தில் என்னைவிட அவள்தான் கெட்டிக்காரி. கணக்கு எனக்கு இன்றைக்கும் வராது. வர்த்தகத்தில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் மட்டக்களப்பும் இருக்கிறது. எல்லாம் இருந்தும், நாட்டில் தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம். மற்ற மூன்று பேரும் எங்கே போகிறார்கள் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

இந்தப் படிப்பு எப்படி ஓடுகிறது என்பதை அவளோடு இருந்துதான் விளங்கிக்கொண்டேன். முதல் இரண்டு வருஷம் எச்.என்.டி., அதைக் கொடுப்பது பியர்சன் என்ற பிரித்தானிய நிறுவனம். மூன்றாம் வருஷம் 'டொப் அப்', அதைக் கொடுப்பது இங்கிலாந்துப் பல்கலைக்கழகம். வகுப்பு நடப்பது டவுனில் ஒரு மாடிக் கட்டடத்தில், படிப்பிக்கிறவர் எங்கட ஆள், விரிவுரை ஆங்கிலமும் தமிழும் கலந்து. அசைன்மென்ட் மட்டும் முழு ஆங்கிலம். இது புதிய விஷயமும் இல்லை. கொழும்பில் ஏபிஐஐடி ஸ்டபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தோடும், ஐசிபிடி கார்டிஃப் மெற்றோபொலிட்டனோடும் கனகாலமாக இப்படித்தான் நடத்துகின்றன. எங்கட பக்கத்துக்கு மெதுவாக வந்தது, அவ்வளவுதான்.

2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயைக் கைவிட்டது. 203 இல் கட்டிவைத்திருந்த டொலர் மே மாதம் 360 இல் நின்றது. 270 அளவில் இருந்த பவுண் 450 ஐத் தொட்டது. மச்சாள் ஒரு பாடமும் கூடுதலாகப் படிக்கவில்லை, ஆனால் பவுண் வரி மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அதே மாதங்களில் சீமெந்து விலையும் ஏறி, கட்டிக்கொண்டிருந்த வீடுகள் எல்லாம் பாதியில் நின்றன. மாமாவுக்கு வேலை இல்லை. தாளில் சின்ன எழுத்தில் 'செலுத்தும் நாளின் நாணய மாற்று விகிதத்தில்' என்று இருந்ததை அப்போதுதான் எல்லோரும் வாசித்தோம்.

மாமி காப்பைக் கழற்றினா. தங்கமும் டொலரோடு சேர்ந்து ஏறியிருந்ததால் அடைவில் நினைத்ததைவிடக் கூடக் கொடுத்தார்கள். பவுணை வைத்துப் பவுண் கட்டினோம் என்று மாமா பிறகு பகிடியாகச் சொல்வார். அடைவு வட்டியும் ஏறியதை அவர் சொல்வதில்லை.

நான் வந்தாறுமூலைக்குப் போய் முதல் லெக்சரில் குந்தும்போது அவள் ஒரு வருஷத்தை முடிக்கப்போகிறாள். எனக்கு மஹாபொல மாதம் 5,000 ரூபாய் வந்தது. கட்டணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சீனியர்மார் சைட்டம் போராட்டக் கதைகளைச் சொன்னார்கள், நானும் இலவசக் கல்வியைக் காப்பாற்றப் புறப்பட்டேன். 2023 இல் ஒரு நாள் கம்பஸ் வாசலில், திருகோணமலை வீதி ஓரத்தில், தனியார் பட்டங்களுக்கு எதிராக அட்டை பிடித்து நின்றோம். வாகனங்கள் ஊர்ந்தன. சித்தாண்டிப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று எனக்கு நேரே நின்றது. ஃபோனில் மச்சாளின் மெசேஜ்: "பஸ்ஸுக்குள்ள இருக்கன் கா. அட்டையக் கொஞ்சம் பதிச்சுப் பிடி, முகம் தெரியுதில்ல."

நான் பதித்துத்தான் பிடித்தேன். அவள் கை காட்டினாள். பக்கத்தில் நின்ற சிநேகிதி யார் என்று கேட்டாள். சொந்தக்காரப் பிள்ளை, டவுனுக்குப் போகிறாள் என்றேன். எங்கே போகிறாள் என்று சொல்லவில்லை.

அந்த அட்டையில் எழுதியிருந்ததை நான் இன்றைக்கும் பிழை என்று நினைக்கவில்லை. காசு உள்ளவனுக்கு வாசல் திறந்தால் மற்ற வாசலைப் பெரிதாக்க அரசாங்கத்துக்கு அவசரம் இருக்காது. ஆனால் அந்தக் கோஷத்துக்குள் மாமியின் காப்பு எங்கே நிற்கிறது? எங்கள் கூட்டங்களில் 'தனியார் மாணவர்' என்றால் கொழும்பில் காரில் இறங்கும் ஒருவர்தான். 0.04 ஆல் விழுந்த மேசனின் மகளைப் பற்றி ஒருத்தரும் பேசியதில்லை, நான் உட்பட. பேசியிருந்தால் என் 0.03 ஐப் பற்றியும் பேசவேண்டி வந்திருக்கும்.

பேசியிருந்தால் பிரயோசனமான சில விஷயமும் வெளியே வந்திருக்கும். வெளிநாட்டுப் பட்டத்தை அங்கீகரிக்கும்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பது அதைத் தரும் பல்கலைக்கழகத்தை, அது சர்வதேசப் பட்டியல்களில் இருக்கிறதா என்று. இங்கே வகுப்பு நடத்தும் கல்லூரி எப்படி நடக்கிறது என்பது வேறு கதை; பல கல்லூரிகள் சாதாரணக் கம்பனியாகப் பதியப்பட்டவை. கூட்டு முறிந்தால் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு, டொப் அப்புக்குக் காசில்லாமல் எச்.என்.டி.யோடு நின்றால் அதை எங்கே ஏற்பார்கள், எந்தத் தொகை ரூபாய் எந்தத் தொகை பவுண், இதையெல்லாம் சேர முதல் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். மச்சாள் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எங்கட வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. வரவேற்பறையில் ஏசி, கோட் போட்ட அண்ணா, கையில் ஃபைல். மாமா செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போனாராம்.

2024 மே மாதம் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் எங்கட வேலைகள் முடங்கின. நான் வீட்டில் இருந்தேன். அவள் இரவிரவாகக் கடைசி அறிக்கை எழுதினாள். ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தால் எனக்கு அனுப்புவாள். எனக்கும் தெரியாது, இரண்டு பேரும் சேர்ந்து தேடுவோம். உசாத்துணை எழுதும் முறையை அவளிடம்தான் நான் பழகினேன். எங்களுக்கு அதை ஒழுங்காக ஒருத்தரும் சொல்லித்தரவில்லை.

என் பட்டத்துக்கு என்ன வேலை என்று மாமா ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் 2017 இல் காந்தி பூங்கா முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை அவர் அந்த வழியால் வேலைக்குப் போகும்போது பார்த்தவர். மகளை எப்பாடுபட்டாவது பிசினஸ் படிப்பிக்க வைத்ததில் அந்தப் பந்தலுக்கும் பங்கு இருக்கவேண்டும்.

இப்போது அவள் டவுனில் லீசிங் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறாள். சம்பளத்தில் ஒரு பகுதி அடைவுக்குப் போகிறது. சேர்டிபிகேட் வந்த அன்று நானும் சித்தாண்டிக்குப் போயிருந்தேன். மாமி கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கி, பல்கலைக்கழகத்தின் பெயரை விரலால் தொட்டு, "இது எங்க மகள் இருக்கு?" என்று கேட்டா. ஃபோனில் மெப்பைத் திறந்து காட்டினேன். பெரிதாக்கச் சொன்னா. ஒரு ஆறு, பாலம், சிவப்புக் கூரைகள். எங்கட கல்லடிப் பாலம் மாதிரியே இருக்கு என்றா. பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு எப்ப மகள் முடியும்?" என்றா.

"இன்னும் ஒண்டரை வருஷம் மாமி. ஸ்ட்ரைக் ஒண்டும் வராட்டி."

மச்சாள் உள்ளே தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே சிரித்தாள்.