சும்மா இருப்பதற்குச் சம்பளம்

லால்பேட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோவிலை ஒட்டி, வீராணம் ஏரிக்கரையில் இருக்கிற ஊர். கல்கியின் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்று குதிரையில் வருவானே, அதே ஏரிதான். 2004-லிருந்து சென்னைக்குக் குழாய் வழியாகப் போகிறதே, அதுவும் இந்த ஏரித் தண்ணீர்தான். ஊருக்குள் 150 வயதைத் தாண்டிய மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரி. வெளியே வெற்றிலைக் கொடிக்கால். தெருவுக்குத் தெரு, வளைகுடா நாடுகளில் சம்பாதித்துக் கட்டிய மாடி வீடுகள்.

இந்த மாதிரி ஊர்களில் வீடு கட்டுவது ஒரு கஷ்டம் என்றால், கட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்வது இன்னொரு கஷ்டம். கட்டின பிள்ளை துபாயில் இருப்பார். ஊரில் இருக்கிற அத்தாவும் அம்மாவும் வருஷத்துக்கு ஒரு தடவை பேரப்பிள்ளையைப் பார்க்க, உம்ராவுக்கு என்று கிளம்பிவிடுவார்கள். வெறும் வீடு என்றால் பூட்டிவிட்டுப் போகலாம். பூட்டுக்குச் சோறு போட வேண்டியதில்லை. கொல்லையில் நாலு ஆடும் ஒரு நாயும் இருந்தால்?

அப்போது, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைத்துவிடும். அவருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் தகராறே. பெருநகரங்களில் நாயை விட்டுவிட்டுப் போக விடுதி இருக்கிறது, வீட்டுக்கே வந்து தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, ரேட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்களில் ஒரே ரேட்தான். "பாத்துக்க, வந்து ஏதாவது பாத்துச் செய்யறேன்." இந்த 'ஏதாவது' எவ்வளவு என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

2025 ஜனவரியில் இப்படி ஒரு பஞ்சாயத்தில் நானும் மாட்டினேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த நண்பருக்கு வீடு லால்பேட்டையில். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருந்தேன். அவரும் மனைவியும் உம்ரா முடித்து, அப்படியே ஷார்ஜாவில் மகன் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்ப 22 நாள் ஆகும் என்றார்கள். கொல்லையில் ஆடுகள். அவற்றுக்குக் காவலாக ஜிம்மி. பேர்தான் இங்கிலீஷ், ஆள் சுத்தமான நாட்டு நாய். வீட்டுக்குள் வராது, கொல்லையோடு சரி. ஆடு, தோட்டம் காக்க நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமிருக்கிறது என்பார் பாய்.

பார்த்துக்கொள்ள ஆளும் தயார். பல வருஷமாக ஆட்டுக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்க வருகிற அம்மா. பக்கத்துக் கிராமம். ஐம்பது வயது தாண்டியவர். ஜிம்மிக்கு அவரைக் கண்டால் வால் நிற்காது.

"நீ ஊருக்கெல்லாம் எழுதறியே, இதுக்கு ஒரு கணக்குச் சொல்லுப்பா" என்றார் பாய். அவர் ஏற்கெனவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். நாய்க்கு இரண்டு வேளை சோறு, ஆட்டுக்குத் தழை, வாசல் தெளிப்பது. எல்லாம் சேர்ந்தால் இரண்டரை மணி நேரம். நாளைக்கு 100 ரூபாய். 22 நாளுக்கு 2,200. வரும்போது ஷார்ஜாவிலிருந்து ஒரு புடவை.

"ராத்திரி தங்கறதுக்கு?" என்றேன்.

பாயின் மனைவி முந்திக்கொண்டார். "அதுக்கு என்னண்ணே தனியா? சும்மாதானே படுத்திருக்கப் போறாங்க! ஃபேன் இருக்கு, டி.வி. இருக்கு, ஃப்ரிட்ஜ் இருக்கு. அவங்க வீட்டுல இதெல்லாம் ஏது?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உலகத்தில் இந்தக் கணக்கில் நடக்கிற ஏற்பாடும் உண்டு. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஊர் சுற்றுகிறவர்கள் பலர் காசே வாங்காமல் அடுத்தவர் வீட்டில் தங்கி நாயையும் பூனையையும் பார்த்துக்கொள்கிறார்கள். ஹோட்டல் வாடகை மிச்சம், அதுவே அவர்களுக்குச் சம்பளம். ஆனால், அங்கே வருகிறவருக்கு அந்த ஊரில் தங்க இடம் இல்லை. இந்த அம்மாவுக்கோ கூப்பிடு தூரத்தில் வீடு இருக்கிறது. அவருக்கு ஃபேன் தேவையா என்று நாம் கேட்கவில்லை. நமக்கு ஆள் தேவை என்பதால் ஃபேனைக் காட்டுகிறோம்.

அந்த அம்மாவையே கூப்பிட்டுக் கேட்டார் பாய். அவர் தூணோரம் நின்றபடியே சொன்னார். "நூறு போதும் பாய். ராத்திரிக்கு மட்டும் எங்க வீட்டுக்குப் போயிட்டு விடிகாலையில ஓடி வந்துடறேனே?"

"அது எப்படி? ராத்திரிக்குத்தானே ஆளே வேணும்?"

"எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியலைங்க. ராத்திரி ரெண்டு தடவ வெளியில கூட்டிட்டுப் போவணும். நான் இங்க இருந்தா, பக்கத்து வீட்டுப் பொண்ணத் துணைக்குப் படுத்துக்கச் சொல்லணும்."

"அதுக்கு என்ன குடுப்பீங்க?" என்று கேட்டேன். தயங்கவே இல்லை அவர். "நூறாவது குடுக்கணும்ல சார்? பாவம், அதுவும் வயக்காட்டு வேலைக்குப் போற பொண்ணு. தூக்கம் கெடும்ல?"

பாய் என்னைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன்.

நாம் பகல் ராத்திரி சேர்த்துத் தருவதாகச் சொன்ன முழுத் தொகையும் 100. தன் வீட்டு ராத்திரிக்கு மட்டும் அவர் இன்னொருவருக்குத் தருவதாகச் சொன்னதும் அதே 100. ஆக, 22 நாளும் அவருக்கு மிஞ்சுவது அந்தப் புடவைதான்.

இதைத்தான் நாம் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் வீட்டைப் பார்த்துக்கொள்ள வருகிறவருக்கும் ஒரு வீடு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும்.

பாய் கூலி விஷயத்தில் கறாரானவர். உழைத்தவரின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழி அவருக்கு மனப்பாடம் மட்டுமல்ல, பழக்கமும்கூட. கடையில் மூட்டை இறக்குகிறவரை ஒரு நாளும் "நாளைக்கு வா" என்று அவர் சொன்னதில்லை. "ஆனா இதுல வியர்வையே வராதேப்பா" என்று அவரே யோசித்தார். நியாயமான குழப்பம். மூட்டை இறக்கினால் எண்ணலாம். களை பறித்தால் வரப்பிலிருந்து பார்க்கலாம். ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் நம் வீட்டுத் திண்ணையில் பாயை விரித்தால் அதில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

சட்டம் இதைப் பற்றி யோசித்திருக்கிறது. 2011-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலை செய்கிறவர்களுக்காக ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. எண் 189. கூப்பிட்டால் எழுந்து வர வேண்டும் என்று காத்திருக்கிற நேரத்தையும், நாட்டின் சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு, வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது அது. தன் நேரத்தைத் தன் இஷ்டப்படி செலவழிக்க முடியாவிட்டால் அது ஓய்வு இல்லை. இவ்வளவுதான் விஷயம். இந்தியா அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. ஆனால், இன்னும் முறைப்படி ஏற்கவில்லை.

அமெரிக்காவில் தூக்கத்துக்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். 24 மணி நேரமும் வேலை இடத்திலேயே இருக்க வேண்டிய ஊழியர் என்றால், இரண்டு தரப்பும் பேசிவைத்து 8 மணி நேரம் வரை தூக்கம் என்று கழித்துக்கொள்ளலாம். ஆனால், நடுவில் எழுப்பி எழுப்பி, அவரால் 5 மணி நேரம்கூடத் தூங்க முடியாமல் போனால், ராத்திரி முழுவதுக்கும் சம்பளம் தர வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் 2007-ல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது. 2018-ல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயித்தார்கள். சாதாரண வேலைக்கு மணிக்கு 40 ரூபாய்க்குள்தான். அந்த 40-ஐயே வைத்துக்கொண்டு 24 மணி நேரத்தைப் பெருக்கிப் பாருங்கள். 960 வருகிறது. "அடேயப்பா!" என்றார் பாயின் மனைவி. முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. தூங்குகிற நேரமும் உண்டு, அவர் தன் வேலையாக வெளியே போய்வருகிற நேரமும் உண்டு. ஆனால், 100 எங்கே, 960 எங்கே? நியாயம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்றாவது தெரிகிறதில்லையா?

இன்னொன்றும் சொன்னேன். நூறு நாள் வேலைக்கு 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு அரசு வைத்த கூலி நாளைக்கு 319 ரூபாய். அந்த வேலைக்குப் போகிறவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து தன் பாயில் படுத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் இந்த மாதிரி விஷயங்களைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த கணக்கு நிறைய வரும். பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 96 ஆடு. அதைப் பொறுப்பேற்கிற இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று அதற்குப் பேர். செத்ததற்கும் கிழடானதற்கும் பதில் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். ஆடு எத்தனை, நெய் எவ்வளவு என்பதில் சந்தேகமே கிடையாது. இப்போதும் கிராமத்தில் ஆட்டை வாரத்துக்கு விட்டால், பிறக்கிற குட்டியில் உனக்குப் பாதி, எனக்குப் பாதி என்று முதல் நாளே பேசிவிடுகிறார்கள். ஆட்டு விஷயத்தில் இத்தனை தெளிவாக இருக்கிற நாம், ஆள் விஷயத்தில் மட்டும் 'ஏதாவது பாத்துச் செய்யறேன்' என்கிறோம்.

கடைசியில் நாங்கள் போட்ட கணக்கு இது. பகல் வேலைக்கு 100, அதில் யாருக்கும் தகராறு இல்லை. ராத்திரிக்கு, அவர் தன் வீட்டில் வைக்கிற ஆளுக்கு 100. தன் தூக்கத்தை அடுத்த வீட்டில் வைப்பதற்கு அவருக்கு 200. மொத்தம் நாளைக்கு 400. 22 நாளுக்கு 8,800. பாதி முன்பணம், பாதி திரும்பி வந்த அன்றே. அரிசி, பருப்பு, எண்ணெய் வீட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், அது சம்பளத்தில் சேராது. நாய்க்கோ ஆட்டுக்கோ ஏதாவது என்றால் காட்டுமன்னார்கோவில் மாட்டாஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்துக்கொண்டு போக 1,500 ரூபாய் தனிக் கவரில். புடவை உண்டு. ஆனால், அது அன்பளிப்பு, சம்பளத்தில் ஒரு பைசா அதற்காகக் கழியாது.

அந்த அம்மா தொகையைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு எதுக்கு பாய்?" என்றார். இப்படித்தான் சொல்வார்கள். இதைக் கேட்டு உடனே குறைத்துக்கொள்கிறவர்களும் நம்மில் உண்டு. பாய் குறைக்கவில்லை.

22 நாளில் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு ராத்திரி ஜிம்மி விடாமல் குரைத்திருக்கிறது. அந்த அம்மா எழுந்து விளக்கைப் போட்டுக் கொல்லையைச் சுற்றி வந்திருக்கிறார். வேலியோரம் யாரோ வீட்டு மாடு. விரட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

திரும்பி வந்த பிறகு பாயின் மனைவி போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணும் நடக்கலண்ணே. 8,800 ரூபா போச்சு!" பாக்கியை அன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் இதைச் சொன்னார் என்பதால் நானும் சிரித்தேன்.

ஆனால், அவருக்கு ஒரு பதில் சொன்னேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வீராணம் இருக்கிறது. முழுக் கொள்ளளவு 47.50 அடி. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது நீர்வளத் துறை லஸ்கர்கள் டார்ச் விளக்கோடு ராத்திரியில் கரையைப் பார்த்து வருவார்கள். மதகு, ஷட்டர், எங்கேயாவது கசிவு. பெரும்பாலான வருஷங்களில் ஒன்றும் நடக்காது. 'கரைதான் உடையவில்லையே, சம்பளத்தைத் திருப்பிக் கொடு' என்று யாராவது கேட்பார்களா? ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குத்தான் அந்தச் சம்பளமே.

"அதுவும் சரிதாண்ணே" என்றார். ஏரிக்கரைக்காரருக்கு ஏரியைச் சொன்னால் உடனே புரிகிறது.

உங்கள் வீட்டிலும் கோடை லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது இந்தக் கேள்வி வரும். நாய் இருக்கலாம், பூனை இருக்கலாம், வெறும் துளசிச் செடியாகவும் இருக்கலாம். வருகிறவரிடம் இரண்டு விலை கேளுங்கள். வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவதென்றால் எவ்வளவு? இங்கேயே தங்குவதென்றால் எவ்வளவு? கூச்சப்பட்டுச் சொல்லாமல் நின்றால், அவர் இங்கே இருக்கும்போது அவர் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். சம்பளம் எவ்வளவு என்பது அந்தப் பதிலிலேயே பாதி கிடைத்துவிடும்.