வேருள்ள பங்கு

சாடியில் வளரும் மருள், எளிதில் முறையிடாத செடி. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வாடாது. நிழலில் வைத்தாலும் நிமிர்ந்தே நிற்கும். ஆனால் மண்ணுக்குள்ளே அதன் கிழங்கு ஓயாது கிளைவிட்டுக்கொண்டிருக்கும். இடம் போதாத நாளில் சாடியையே வெடிக்கச் செய்துவிடும். என் வீட்டு விறாந்தையில் ஏழு ஆண்டுகளாக நின்ற மண்சாடி சென்ற மாதம் அவ்வாறுதான் வெடித்தது.

உடைந்த ஓடுகளை நீக்கி மண்ணை உதிர்த்தேன். கிழங்குகள் ஒன்றையொன்று நெரித்து, சாடியின் வடிவத்திலேயே வளைந்து கிடந்தன. கூரிய கத்தியால் நான்காகப் பிரித்தேன். பிரிப்பதற்கும் ஒரு நியதி உண்டு. ஒவ்வொரு பங்கிலும் இலையோடு கிழங்கும் வேரும் இருத்தல் வேண்டும். இலையை மட்டும் அறுத்து நட்டாலும் மருள் முளைக்கும்; ஆனால் மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். மஞ்சட் கரையுள்ள இனமாயின், அவ்வாறு முளைக்கும் கன்றில் அந்த மஞ்சள் இராது. வெட்டுவாய் காயும்படி இரண்டு நாள் நிழலில் வைத்து, அடியில் துளையுள்ள சாடிகளில், மணல் கலந்த மண்ணில் நட்டேன். ஒரு கிழமை நீர் ஊற்றவில்லை; ஈரம் மிகுந்தாற் கிழங்கு அழுகிவிடும்.

அந்த நெரிசலைக் கண்டபோது, மலையகத்தில் நான் ஆசிரியப் பணி புரிந்த காலம் நினைவில் எழுந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. அதனுள்ளே பாட்டி, பெற்றோர், மணமான அண்ணன், அவன் பிள்ளைகள். அங்கிருந்து வந்த மாணவியின் கொப்பியில் எப்போதும் குப்பி விளக்கின் கரி படிந்திருக்கும்.

"வீட்டில் படிக்க இடமில்லையா, பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்குதுங்க சேர், எல்லாரும் தூங்கின பொறகு" என்றாள்.

ஒரு குடும்பத்துக்கெனக் கட்டிய அறை அது. குடும்பம் நான்கு தலைமுறையாகப் பெருகிற்று, அறை பெருகவில்லை.

1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தோட்டங்கள் இவ்வாறு கைமாறிய போதெல்லாம், மலைக் காட்டை வெட்டித் தேயிலை நட்டோரின் வழிவந்தவர்க்கு, தாம் படுத்துறங்கும் காம்பராவும் உரிமையாகவில்லை. அண்மைய வீடமைப்புத் திட்டங்களில் சிலருக்கு 7 பேர்ச் காணி கிடைத்தது. அது வரவேற்கத் தக்கதே. ஆயினும் இன்றும் லயங்களில் வாழ்வோர் மிகப் பலர்.

தேர்தற் காலத்திற் கிடைக்கும் கூரைத் தகடுகளும் நிவாரணப் பொதிகளும் இலையை அறுத்துக் கொடுப்பது போன்றவை. தன் பெயரில் உறுதி எழுதிய காணியே வேருள்ள பங்கு. அதன்பின் வளர்வதற்கு எவரும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. இருநூறு ஆண்டுகளாகப் பிறர் நிலத்தில் வளர்த்துக் காட்டியவர்கள் அல்லவா அவர்கள்!