எந்தப் பம்பு நின்றால்

சென்ற மாதம் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய கேள்வி மறுபடியும் எழுந்தது: ஒரு குழுவை நடத்துகிறவருக்கு அந்தத் தொழிலின் நுட்பம் தெரிந்திருக்க வேண்டுமா? நண்பர் வேண்டாம் என்கிற கட்சி. "காமராஜர் என்ன படித்தார்?" என்றார். தமிழ்நாட்டில் இந்த உதாரணத்தை எடுத்துவிட்டால் எந்த விவாதமும் முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. 1954-இல் முதல்வராவதற்கு முன் பல ஆண்டுகள் கட்சித் தலைமையில் இருந்தவர் அவர். அவருடைய தொழில் அரசியல். அதன் நுட்பம் அவருக்குத் தெரிந்ததுபோல் யாருக்குத் தெரிந்தது?

மேலும், நான் நெய்வேலிக்காரன். நெய்வேலிச் சுரங்கம் என்பது தண்ணீரோடு நடக்கும் ஓயாத வழக்கு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருளும் வந்தது என்பது ஊரறிந்த கதை. 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் கரி கண்ணில் பட 1961 ஆகஸ்ட் ஆயிற்று. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பொத்துக்கொள்ளாமல் நிற்கும்.

அப்பா அந்தப் பம்புகளைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர். இரவு ஷிப்டு முடிந்து வருகையில் சட்டையில் கிரீஸ் வாசனை இருக்கும். அவருடைய அதிகாரி சிவில் படித்தவர். பம்பைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூடத் தெரியாதவர். ஆனால் தினமும் வந்து ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டத்தையும் கேட்பாராம். புரியாததை வெட்கமில்லாமல் மறுபடி கேட்பாராம். அப்பா சொல்வார்: "அவருக்குப் பம்பைப் பிரிக்கத் தெரியாது. ஆனா எந்தப் பம்பு நின்னா தூங்கக் கூடாதுன்னு தெரியும்."

நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். நிரல் எழுதி எழுதியே மேலே வந்தவன். அந்தக் கர்வம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "சார், இந்த மாற்றத்தைத் திங்கட்கிழமை வரை தள்ளிவைக்கலாம், இன்னொரு முறை சோதித்துப் பார்க்கிறேன்" என்றாள். அந்தப் பகுதியை எழுதியவனே நான்தான் என்றேன். எழுதியது உண்மை. ஐந்தாண்டுகளில் பலர் கைபட்டு அது வேறொன்றாகியிருந்ததும் உண்மை. அன்றிரவு வாடிக்கையாளரின் வேலை மூன்று மணி நேரம் நின்றுபோயிற்று. மறுநாள் காலை அவள் எதுவும் பேசவில்லை. பிழை விழுந்த வரியை மட்டும் திரையில் காட்டினாள். இரண்டு மாதத்தில் வேறு குழுவுக்கு மாற்றல் கேட்டாள். கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் அவளைக் கேட்டிருப்பேனோ என்று சில நாள் நினைப்பதுண்டு. அதுவும் சரியில்லை. ஒன்றும் தெரியாதவன் அன்றைக்கு யார் குரல் உரத்து ஒலித்ததோ அவர்களைக் கேட்டிருப்பான். அவளுக்கோ மெல்லிய குரல்.

ஓய்வுபெற்று வடலூரில் இருக்கும் அப்பாவிடம் இதையெல்லாம் போன பொங்கலுக்குத்தான் சொன்னேன். செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட அப்புறம் பேசினியா?"

இல்லை என்றேன். அவர் செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார்.