கலப்பத்து

2006 ஆகஸ்டில் எங்கள் பாய்த்தோணி மூதூர்க் கரையில் ஏறிக் கிடந்தது. இயந்திரம் பூட்டாமல் வைத்திருந்தது வாப்பாவின் பிடிவாதம். சிப்பியும் பாசியும் சுரண்டியாயிற்று. பஞ்சு திணித்து, குங்கிலியம் பூசி, சாயம் அடிப்பதுதான் பாக்கி. அதற்குள் ஷெல் விழத் தொடங்கியது. உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு ஓடினோம்.

முகாமில் வாப்பா வீட்டைப் பற்றிக் கதைக்கவேயில்லை. "வெயில்ல பலக விரியுமே" என்பதுதான் ஒரே பேச்சு. உம்மாவுக்குக் கோபமே வந்தது.

இதே கொட்டியாரக் குடாவுக்குத்தான் புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலும் புதுமரம் போட வந்தது. 1660இல் அதன் கப்டனும் மகன் ரொபர்ட் நொக்ஸும் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். மகன் தப்ப 19 வருடம் சென்றது. நாங்கள் வாரக்கணக்கில் திரும்பிவிட்டோம்.

தோணியின் பொருத்துகளில் நகம் நுழைந்தது. காக்கா பஞ்சை இறுக்கி அறைந்தார். வாப்பா பிடுங்கி எறிந்தார்.

"தண்ணி குடிச்சா மரம் ஊதும். இப்ப இறுக்கினா ஆணி கழரும், மகன்."

மூன்று நாள் ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். பிறகே ஓடாவி வந்து கலப்பத்துப் பார்த்தார். அந்தச் சொல்லுக்குப் போர்த்துக்கேயத்திலும் அரபியிலும் உறவுண்டு என்று பின்னாளில் படித்தேன்.

சாயத்துக்குக் காசு போதவில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் பூசி இறக்கினோம். அன்றிரவு வாப்பாவும் நானும் தோணியிலேயே இருந்து பேணியால் இறைத்தோம். சுபஹுக்குச் சற்று முன் பேணி பலகையில் உரசியது.

"பாய எடுத்துட்டு வா" என்றார்.